பனிக்கூழ் ஏன் பாறையாவதில்லை?

பாலும் சர்க்கரையும் தேங்காய்ப் பாலும் கலந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியின் உறைவறையில் ஓர் இரவு வைத்துவிட்டால், காலையில் கிடைப்பது கரண்டியை வளைக்கும் ஒரு கட்டி. அதே கலவையைப் பனிக்கூழ்ப் பொறியில் இட்டு அரை மணி நேரம் சுழற்றினாலோ, நாவில் வழுக்கிக் கரையும் குழைவு கிடைக்கிறது. பொருள் ஒன்றே, விளைவு வேறு. இவ்வேறுபாடு எதனால் வந்தது என்று மாணவர் கேட்டால், ‘பொறி செய்கிறது’ என்று கூறி அப்பால் செல்வது எளிது. ஆயின் அது விடையாகாது. பொறி என்ன செய்கிறது என்பதன்றோ வினா?

வீட்டிலே பனிக்கூழ் செய்யும் சிறு பொறிகள் இன்று நம் ஊர்க் கடைகளில் எளிதாய்க் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு அது இனிய பண்டம். ஆசிரியர்க்கோ வெப்பத்தைப் பற்றிய ஒரு முழுப் பாடம். அப்பாடத்தின் இயல்பையும், அதனை வீட்டிலும் வகுப்பிலும் செய்து பார்க்கும் முறையையும் ஈண்டு காண்போம்.

பெயரும் பொருளும்

முதலில் பெயரை நோக்குவோம். பேச்சு வழக்கில் இதன் பெயர் ‘ஐஸ்கிரீம்’ என்பதே. எழுத்து வழக்கில் ‘பனிக்கூழ்’ என்கிறோம். இலங்கையில் ‘குளிர்களி’ என்று எழுதுவாரும் உளர். பனி என்பது நமக்குப் பழஞ்சொல். ஆண்டை ஆறு பருவமாக்கி, முன்பனி, பின்பனி என இரண்டை அதற்கே ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். ஆயினும் சமவெளியில் அவர்கள் கண்ட பனி புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. வானினின்று கட்டியாய் வீழ்ந்ததை ஆலி என்றும் ஆலங்கட்டி என்றும் வழங்கினர்.

கூழ் என்னும் சொல்லே இங்குக் கருதத்தக்கது. கூழ் கட்டியுமன்று, நீருமன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது. பனிக்கூழின் இயல்பும் அதுவே. கண்ணுக்குத் தெரியாத பனித்துகள்கள், உறையாமல் எஞ்சிய சர்க்கரைப் பாகு, கொழுப்புத் துளிகள், சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. இப்பெயரை வழங்கியோர் இயற்பியலை எண்ணி வழங்கினரோ, வடிவத்தை எண்ணி வழங்கினரோ, பெயர் பொருளுக்கு மிகப் பொருந்திவிட்டது.

பால் சேராமல் பழச்சாற்றால் செய்வதனைப் பிரெஞ்சு மொழியில் ‘சோர்பே’ என்பர். குடித்தல் என்னும் பொருளுடைய அரபு வேரினின்று பிறந்த சொல் அது. துருக்கி வழியாக இத்தாலிக்கும், அங்கிருந்து பிரான்சுக்கும் சென்றது. அதே வேரினின்று பிறந்து பாரசீகம் வழியாகக் கிழக்கே வந்த சொல்லே நம் நன்னாரிச் சர்பத்தில் உள்ள ‘சர்பத்து’. ஆகவே சோர்பேயை ‘உறைசர்பத்து’ என்று கூறினால் தமிழர் எவர்க்கும் விளங்கும்.

குளிர் என்று ஒரு பொருள் உண்டோ?

‘பனிக்கட்டி குளிரைத் தருகிறது’ என்று நாம் பேசுகிறோம். பேச்சுக்கு அது போதும், பாடத்திற்குப் போதாது. குளிர் என்று ஒரு பொருள் இல்லை. வெப்பம் மிக்க இடத்தினின்று குறைந்த இடத்திற்கு ஓடுகிறது. ஒரு பொருளினின்று வெப்பம் வெளியேறுவதையே நாம் குளிர்தல் என்கிறோம். இதற்குச் சென்னைக் கடற்கரையிலேயே ஒரு சான்று நிற்கிறது.

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் என்பார், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்துக் கப்பலேற்றி வெப்ப நாடுகளில் விற்றார். 1833-ஆம் ஆண்டில் அவர் அனுப்பிய ‘டஸ்கனி’ என்னும் கப்பல் ஏறத்தாழ நான்கு மாதம் கடலில் ஓடிக் கல்கத்தாவை அடைந்தது. ஏற்றியது சுமார் 180 டன். சேர்ந்தது சுமார் 100 டன். நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தும் பாதிக்கு மேல் உருகாமல் வந்தது. எப்படி? மரத்தூளைச் சுற்றிலும் திணித்து வைத்தனர். மரத்தூள் பனிக்கட்டிக்குக் குளிரை ஊட்டவில்லை. வெளி வெப்பம் உள்ளே புகாமல் தடுத்தது, அவ்வளவே.

இவ்வணிகத்திற்காக 1842-இல் சென்னையில் எழுந்ததே ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் கட்டடம். சிங்கப்பூரிலும் வாம்போவா என்று பெயர் பெற்ற சீனப் பெருவணிகர் ஹூ ஆ கே 1854-இல் ஒரு பனிக்கட்டி வீட்டை நிறுவினார். பின்னர்ப் பொறிகளால் பனிக்கட்டி செய்யும் தொழில் 1870-களில் இந்தியாவில் வேரூன்றவே, கப்பல் பனிக்கட்டிக்கு வேலை இல்லாமற் போயிற்று. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் சென்னைக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. வெப்பத்தைத் தடுத்தால் பனிக்கட்டி நிற்கும். வெப்பத்தை வாங்கினால் பனிக்கட்டி உருகும். இவ்வீட்டின் வரலாறு கற்பிப்பது இதனையே.

உப்பின் தொழில்

பனிக்கட்டி உருகுவதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி, வெப்பநிலை சிறிதும் உயராமல், நீராக மாறுவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. ஒரு கிராம் நீரைச் சுழியத்தினின்று 80 பாகை வரை சூடாக்கப் போதுமான வெப்பம் அது. வெப்பமானியில் தோன்றாமல் உள்ளே மறைவதால் இதனை உள்ளுறை வெப்பம் என்பர்.

தனிப் பனிக்கட்டி சுழியப் பாகையில் உருகும். ஆனால் சர்க்கரை கலந்த பால் அந்த வெப்பநிலையில் உறையாது. அது உறையத் தொடங்கவே சுழியத்திற்குக் கீழ் இரண்டு மூன்று பாகை செல்ல வேண்டும். ஆகவே வெறும் பனிக்கட்டிக்கு நடுவே பால் கலவையை நாள் முழுதும் வைத்தாலும் பனிக்கூழ் பிறவாது. இங்குத்தான் உப்பு துணைக்கு வருகிறது.

எம் பள்ளி மாணவர்களிடம் ‘பனிக்கட்டியில் உப்பு ஏன் இடுகிறோம்?’ என்று கேட்டால், பெரும்பாலோர் ‘உப்பு குளிர்ச்சி தரும், ஐயா’ என்பர். உப்பைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னால் சிரித்துவிடுவர், அது குளிர்வதில்லை. உண்மை யாதெனில், பனிக்கட்டியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் உண்டு. சுழியப் பாகையில் அந்நீர் மீண்டும் பனியாவதும், பனி நீராவதும் ஒருங்கே நடைபெறும். உப்பு அந்நீரில் கரைந்ததும், நீர் மீண்டும் பனியாவது தடைப்படுகிறது. பனி நீராவதோ நிற்பதில்லை. எனவே பனிக்கட்டி தொடர்ந்து உருகுகிறது. உருக வெப்பம் வேண்டுமே! அதனை உப்புநீரிலிருந்தும், வாளியிலிருந்தும், நடுவேயுள்ள பால் கலத்திலிருந்தும் பறித்துக்கொள்கிறது. ஆகவே வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே இறங்குகிறது. உப்பும் பனிக்கட்டியும் தக்க அளவில் கலந்தால் இவ்விறக்கம் சுழியத்திற்குக் கீழ் 21 பாகை வரை செல்லக்கூடும்.

உருகுவதால் உறைய வைப்பது! முரண் போலத் தோன்றினும் நாம் அன்றாடம் காணும் நிகழ்ச்சிக்கு இது உறவே. மண்பானையின் வெளிப்புறம் கசியும் நீர், ஆவியாகும்போது பானை நீரின் வெப்பத்தைப் பறிக்கிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. அங்கே நீர் ஆவியாகிறது; இங்கே கட்டி நீராகிறது. இரண்டிலும் நிலை மாற்றமே வெப்பத்தைப் பறிக்கிறது.

அக்பரின் அரண்மனையில் வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிர்வித்தனர் என்று அபுல் பசல் எழுதிய ஐனி அக்பரி கூறுகிறது. அது வேறு வகை: வெடியுப்பு நீரில் கரையும்போதே வெப்பத்தை வாங்குகிறது, அதற்குப் பனிக்கட்டி வேண்டுவதில்லை. கறியுப்பு கரைவதால் உண்டாகும் குளிர்ச்சி மிகச் சிறிது. பனிக்கட்டியை உருகத் தூண்டுவதே அதன் தொழில்.

பொறியின் உறுப்புகள்

பழங்காலத்தில் உப்பும் பனிக்கட்டியும் நிறைந்த தொட்டியில் ஒரு குடுவையை வைத்துக் கையால் திருப்பி, அடிக்கடி திறந்து சுவரில் உறைந்ததைச் சுரண்டிக் கலந்தனர். கை சோரும், நேரமும் மிகும். 1843-இல் அமெரிக்கப் பிலடெல்பியா நகரத்து நான்சி ஜான்சன் என்னும் பெண்மணி இதற்கு ஒரு பொறி அமைத்துக் காப்புரிமை பெற்றார். மரவாளி ஒன்று, அதனுள் உலோகக் கலம், கலத்தினுள் துளைகளுள்ள துடுப்பு, மேலே ஒரு கைப்பிடி. வாளிக்கும் கலத்திற்கும் இடையே பனிக்கட்டியும் உப்பும். கைப்பிடியைச் சுழற்றினால் துடுப்பு சுழலும். இன்றைய பொறிகள் அனைத்தும் இதன் வழிவந்தவையே.

இத்துடுப்பே நம் முதல் வினாவுக்கு விடை. கலவை முதலில் உறைவது கலத்தின் சுவரை ஒட்டியே. அசையாமல் விட்டால் அங்கே தோன்றிய சில பனித்துகள்கள் பக்கத்து நீரையெல்லாம் தம்மோடு சேர்த்துப் பெரும் ஊசிகளாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளும். அதுவே பாறை. துடுப்போ சுவரில் படியும் மெல்லிய பனியை உடனுக்குடன் வழித்து நடுவே பரப்புகிறது. ஒவ்வொரு துகளும் ஒரு வித்தாகிறது. வித்து பலவானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நீர் சிறிது; எனவே எதுவும் பெரிதாக வளர இயலாது. ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் துகள் பருத்தால் நாக்கு அதனை நறநறப்பாக உணரும். அதற்குட்பட்டால் வழவழப்பாக உணரும். துடுப்பின் மற்றொரு பணி காற்றைப் புகுத்துவது. வீட்டுப் பொறியில் கலவை ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை பருக்கும். கடைப் பனிக்கூழ் சிலவற்றில் கலவை எவ்வளவோ அவ்வளவு காற்றும் இருப்பதுண்டு.

இன்று வீட்டுக்கு வாங்கத்தக்கவை மூன்று வகை. முதலாவது, ஜான்சன் முறையில் உப்பும் பனிக்கட்டியும் இடுவது; கையால் சுழற்றுவதும் உண்டு, மின்சாரத்தால் சுழல்வதும் உண்டு. இரண்டாவது, இரட்டைச் சுவர்க் கலம் உடையது. சுவர்களுக்கிடையே ஒரு கரைசல் அடைக்கப்பட்டிருக்கும். கலத்தை ஒரு நாள் முழுதும் உறைவறையில் வைத்து அக்கரைசலை உறைய வைக்க வேண்டும். கலத்தை ஆட்டும்போது உள்ளே நீர் அசையும் ஒலி கேட்டால் அது இன்னும் பக்குவப்படவில்லை என்று அறிக. ஒருமுறை செய்தபின் மறுமுறைக்கு அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது, தன்னுள்ளேயே குளிர்விக்கும் பொறி உடையது. விலை மிகுதி, காத்திருத்தல் இல்லை. மூன்றுக்கும் கோட்பாடு ஒன்றே: வெப்பத்தை விரைவில் வெளியேற்று; வெளியேற்றும்போது கலக்கு.

கலவையின் நியதி

சர்க்கரை இனிப்புக்கு மட்டுமன்று. பனிக்கட்டிக்கு வெளியே உப்பு செய்வதைக் கலத்தினுள்ளே சர்க்கரை செய்கிறது. நீர் முழுதும் உறையாமல் தடுக்கிறது. துடுப்பு கடினமாகச் சுழலத் தொடங்கும் வேளையில் கலவை சுழியத்திற்குக் கீழ் ஐந்து அல்லது ஆறு பாகையில் இருக்கும். அதிலுள்ள நீரில் ஏறத்தாழ பாதியே உறைந்திருக்கும். சர்க்கரையைப் பெரிதும் குறைத்தால் கட்டி. மிகைப்படுத்தினால் உறையாத பாகு. நூற்றுக்குப் பதினைந்து பதினாறு பங்கு பாற்கலவைக்கு ஏற்றது.

நம் வீடுகளுக்கு ஏற்ற அளவு இது: கொழுப்பு நீக்காத பால் அரை லிட்டர், கெட்டித் தேங்காய்ப் பால் கால் லிட்டர், சர்க்கரை 150 கிராம், சோளமாவு இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பாண்டான் இலை ஒன்று. சோளமாவைச் சிறிது குளிர்ந்த பாலில் கரைத்துக்கொள்க. எஞ்சிய பாலைச் சர்க்கரையும் இலையும் இட்டுக் கொதிக்க வைத்து, மாவைச் சேர்த்துக் கெட்டியாகும் வரை கிளறுக. பின் தேங்காய்ப் பாலை ஊற்றி, ஆவி பறக்கச் சூடாக்கி இறக்குக. நெடுநேரம் கொதித்தால் தேங்காய்ப் பால் திரிந்துவிடும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி விரைவில் ஆற்றி, நான்கு மணி நேரமேனும் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பான கலவையைப் பொறியில் ஊற்றுவோர் பொறியைக் குறை கூறுதல் முறையன்று. சர்க்கரையில் பாதிக்குத் தென்னை வெல்லம் சேர்த்தால் மணம் வேறாகும்.

இக்கலவைக்குப் பனிக்கட்டி எவ்வளவு வேண்டும்? ஆசிரியர் கரும்பலகையில் கணக்கிட ஏற்ற வினா இது. கலவை ஒரு கிலோ எனவும், அதில் நீர் 700 கிராம் எனவும் கொள்வோம். பாதி நீர் உறைய 350 கிராமுக்கு 28,000 கலோரி வெளியேற வேண்டும். மேலே ஐந்து பாகையினின்று கீழே ஐந்து பாகைக்கு இறக்க இன்னும் ஏறத்தாழ 9,000. மொத்தம் 37,000. இதனை 80-ஆல் வகுத்தால் சுமார் 460 கிராம். அரைக் கிலோ பனிக்கட்டி உருகினால் போதும்! ஆயினும் நாம் இடுவது மூன்று கிலோ. வாளியை நிரப்பிக் கலத்தைச் சுற்றி மூடவே அதிற் பெரும்பங்கு வேண்டும். எஞ்சியது டெங்கிலின் நண்பகல் வெயிலுக்கு நாம் செலுத்தும் வரி. வாளியைச் சாக்கால் சுற்றினால் அவ்வரி குறையும். ‘டஸ்கனி’ கப்பலின் மரத்தூள் செய்த வேலையையே நம் சாக்கும் செய்கிறது.

ஐந்து பங்கு நொறுக்கிய பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்பு என அடுக்கடுக்காக இடுக. உப்புநீர் கலத்தின் மூடிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்க. மூடியைத் திறக்குமுன் துடைக்காவிட்டால் இனிப்பு உவர்ப்பாகிவிடும். இருபது முதல் முப்பது நிமிடத்தில் கலவை குழைந்து வரும். உடனே சிறு கலங்களில் மாற்றி உறைவறையில் நான்கு மணி நேரம் வைத்தால் இறுகும். பன்முறை வெளியே எடுத்து வைத்தால் சிறு பனித்துகள்கள் உருகிப் பெருந்துகள்களோடு சேர்ந்து உறையும். நறநறப்பு மீண்டும் வந்துவிடும். முற்றும் உருகியதை மறுபடி உறைய வைத்து உண்ணல் ஆகாது, நோய்க்கிருமிக்கு இடமாகும்.

வடநாட்டுக் குல்பிக்குத் துடுப்பு இல்லையே என்று கேட்கலாம். பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சுவதால் அதில் நீர் குறைந்துவிடுகிறது. பெரும் பனியூசிகள் வளர நீர் போதாது. ஆகவே அச்சில் அசையாமல் உறைந்தாலும் அது பாறையாவதில்லை. துடுப்பின் வேலையைக் குல்பியில் அடுப்பு செய்து முடிக்கிறது எனலாம்.

உறைசர்பத்து

இதில் கொழுப்பில்லை, ஆகவே சர்க்கரையே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு வரை தேவை. நன்கு பழுத்த அன்னாசி அரைத்து வடித்தது 500 கிராம், சர்க்கரை 150 கிராம், நீர் 100 மில்லிலிட்டர், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. சர்க்கரையை நீரில் காய்ச்சி ஆற்றிப் பழத்தோடு கலந்து குளிர வைத்துப் பொறியில் இடுக.

பழத்துக்குப் பழம் இனிப்பு வேறுபடும். சரியான அளவை அறிய ஒரு பழைய உத்தி உண்டு. கழுவித் துடைத்த புது முட்டையைக் கலவையில் மிதக்க விட வேண்டும். மேலே இருபது காசு நாணய அளவு ஓடு தெரிந்தால் சரி. முட்டை மூழ்கினால் சர்க்கரை போதாது. அதிகம் தெரிந்தால் சிறிது நீர் சேர்க்க வேண்டும். சோதித்த கலவையை உண்ணாமல் கொட்டிவிடுதல் நலம். ஆகவே ஒரு குவளையில் தனியே எடுத்துச் சோதிக்க. அடர்த்தியைப் பற்றிய பாடமும் இதனோடு முடிந்துவிடும். பச்சை அன்னாசியைப் பாற்கலவையில் சேர்ப்பது மட்டும் வேண்டா. அதிலுள்ள நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும். பழத்தை வேகவைத்தால் அந்நொதி அழியும்.

வகுப்பறையில்

பொறி வாங்க இயலாத பள்ளி வருந்த வேண்டுவதில்லை. இறுக மூடும் சிறு தகரம் ஒன்றும், அது உள்ளே அடங்கும் பெரிய மைலோ தகரம் ஒன்றும் போதும். சிறியதில் முக்கால் அளவு கலவை. இடைவெளியில் பனிக்கட்டியும் கல்லுப்பும். பெரிய தகரத்தைச் சாக்கில் சுற்றி, எதிரெதிரே அமர்ந்த இரு மாணவர் தரையில் உருட்ட வேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து சுவரைச் சுரண்டிக் கலக்குக. அரை மணியில் பனிக்கூழ் உண்டு.

இனிப்பைக் காட்டி முடித்துவிட்டால் அது விருந்து, பாடமன்று. எனவே முன்னதாக இரு குவளைகளில் பனிக்கட்டி எடுத்து, ஒன்றில் மட்டும் உப்பிட்டு, இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கச் செய்ய வேண்டும். பள்ளி வெப்பமானி பல சுழியத்திற்குக் கீழ் பத்துப் பாகையோடு நின்றுவிடும். அதற்கும் கீழே காட்டுவதைத் தேர்ந்துகொள்க. உப்பிட்ட குவளையில் பனிக்கட்டி விரைந்து உருகுவதையும், வெப்பநிலை இறங்குவதையும் ஒருங்கே கண்ட மாணவன் ‘உப்பு குளிர்ச்சி தரும்’ என்று மறுமுறை எழுதமாட்டான். அதன்பின் கலக்கியதையும் கலக்காததையும் அருகருகே வைத்துச் சுவைக்கத் தருக.

எச்சரிக்கை ஒன்று. உப்பிட்ட பனிக்கட்டியை வெறுங்கையால் பற்ற விடலாகாது. சிறிது நேரத்திலேயே தோல் உறைந்து புண்ணாகும். தடித்த துணியோ கையுறையோ வேண்டும். தகரத்தின் கூரிய விளிம்பையும் மறைத்துவிடுக.

நம் நாட்டில் அறிவியலை எம்மொழியில் கற்பிப்பது என்னும் வழக்கு நெடியது. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அக்கொள்கையைக் கைவிட அரசு முடிவெடுத்தது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. அவ்வழக்குக்குத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் உறைநிலை, உள்ளுறை வெப்பம், நிலை மாற்றம், அடர்த்தி என இப்பாடத்துக்கு வேண்டிய சொற்களெல்லாம் தமிழில் உள்ளன. சொல் இருந்தும் பொருள் கையில் படாவிட்டால், அது எம்மொழியிலும் மனப்பாடமே. ‘பனிக்கட்டி உருகுவதற்கு வேண்டிய வெப்பம் எங்கிருந்து வந்தது?’ என்று ஆசிரியர் கேட்க, தகரத்தை உருட்டிய சிறுவன் ‘பாலிலிருந்து, ஐயா’ என்று சொல்வானாயின், அவன் உள்ளுறை வெப்பத்தை அறிந்துவிட்டான். அவ்விடையை அவனிடமிருந்து பெற்ற பின்னரே கரண்டியை அவன் கையில் கொடுப்பது நல்லாசிரியர்க்கு அழகு.